அரைமண்டியில் எடுத்த அளவு

தையல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு விசயம் சொல்லச் சொல்லி மகள் கேட்டாள். கடையை இப்போது நடத்துவது அவள்தான். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுத வராது. அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எழுதும்போது என் பேச்சைக் கொஞ்சம் சீர்பண்ணுவாள். பண்ணட்டும். ஆனால் எதையும் வெட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடையில் வெட்டுவது என் வேலை.

ஊசி கோப்பது, பொபின் சுற்றுவது, மெசினுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்லப்போவது ஒரு பிழையைப் பற்றி. ஐம்பது வருசத்தில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டையைத் தோழனுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவை துணியில் விட்ட பிழைகள். பிரித்துத் தைத்தால் சரி. இது அப்படியில்லை.

முதலில் நான் களிசான் தைக்கிற ஆள், ஆம்பிளைகள் போடுகிற நீளக் காற்சட்டை. தெல்லிப்பழைச் சந்திக்குக் கிட்டத்தான் கடை, இப்போது இருக்கிற இதே இடம். களிசானில் ஒரு சுகம் இருக்கிறது. ஆள் வந்து நிற்பான், அளவெடுப்போம், போய்விடுவான். நிற்கிற அளவு போதும். அந்தக் களிசானோடு நடப்பான், சைக்கிள் ஓடுவான், சம்பந்தம் பேசப் போவான், எல்லாவற்றுக்கும் தாங்கும்.

பிறகு சண்டையில் சனம் எல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். மெசினின் தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினேன். கால்களை விட்டுவிட்டுப் போனேன். புத்தூரில் ஒருவரின் வெங்காயக் கொட்டிலில் இருக்க இடம் கிடைத்தது. அங்கே ஒரு பழைய மேசையைத் துளைத்து அந்தத் தலையைப் பொருத்தினேன். தைத்த துணி எல்லாம் வெங்காயம் மணக்கும். ஒருவரும் குறை சொல்லவில்லை, எல்லோருடைய உடுப்பும் ஏதோ ஒன்று மணந்த காலம்.

அந்தக் கொட்டிலுக்குத்தான் நடன ரீச்சர் வந்தார். அவரும் எங்களைப் போல ஊர் விட்டு வந்தவர். ஐந்து பிள்ளைகளுக்குப் பரதநாட்டிய உடுப்பு வேண்டும், சேலையை வெட்டித் தைக்க வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்தது களிசான்தானே. பிள்ளைகளை வரிசையில் நிற்பாட்டி அளவெடுக்கச் சொன்னேன். ரீச்சர் சிரித்தார்.

“பிள்ளையள் மேடையிலை நிக்கப் போறேல்லை அண்ணை. இருக்கப் போகினம்.”

சொல்லிவிட்டு ஒரு பிள்ளையை இருத்திக் காட்டினார். குதிக்கால் இரண்டும் ஒட்டியிருக்க, முழங்கால் இரண்டும் இரு பக்கமும் விரிய, முதுகு நிமிர்ந்து, பாதி உட்கார்ந்த நிலை. அதற்குப் பெயர் அரைமண்டி. ஆடுகிறவர்கள் ஆட்டம் முழுக்க அந்த நிலையில்தான். நிற்கும்போது எடுத்த அளவை வைத்துத் தைத்தால் துடையில் பிடிக்கும், கவட்டில் இழுக்கும், கடைசியில் கிழியும். ஆகவே ஆடுகிறவருக்கு அளவெடுப்பது என்றால் முதலில் அரைமண்டியில் இருத்த வேண்டும். இந்த வேலையின் முதல் எழுத்தே அதுதான்.

என் மனுசி பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். பெண்பிள்ளைகளுக்கு ஆம்பிளை நான் அளவெடுக்க முடியாது. அதனால் அன்றிலிருந்து அளவு அவள், வெட்டு நான். ஊருக்குத் திரும்பி வந்து கடையை மறுபடி திறந்தபோது பின்பக்கம் ஒரு திரை போட்டோம். திரைக்குள்ளிருந்து அவள் அளவைச் சொல்வாள், நான் வெளியே இருந்து மனதில் பிடிப்பேன். எனக்கு எழுத வராது, இலக்கம் மட்டும் போடுவேன்.

கொஞ்சக் காலத்தில் களிசான் குறைந்து, கடை முழுக்க நடன உடுப்பு என்று ஆகிவிட்டது. சந்தியில் பகிடிக்குக் குறைவில்லை. “அண்ணை இப்ப பொம்பிளைத் தையல்” என்பார்கள். நான் என்ன சொல்வேன் தெரியுமா? “நான் வெட்டுறது மட்டும்தான், மற்றதெல்லாம் மனுசி” என்பேன். அதைச் சொல்லி எத்தனை வருசம் அந்தத் திரைக்குப் பின்னால் ஒளித்திருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. மனுசிக்கு அது அப்போதே தெரியும். சொல்லாமல் வைத்திருந்தாள், சொல்ல ஒரு நாள் வரும் என்று.

இனி ரூபன் கதைக்கு வருகிறேன்.

ரூபன் காங்கேசன்துறைப் பக்கத்துப் பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும். தகப்பனோடு வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். கையிரண்டிலும் வலைக் கயிறு அறுத்த தழும்பு. சின்ன வயதில் தங்கையை நடன வகுப்புக்குக் கூட்டிப் போய், வாசலில் இருந்து பார்த்துப் பார்த்தே அவளை விட நன்றாகப் பிடித்துக்கொண்டவன் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். புத்தூருக்கு வந்த அதே ரீச்சர்தான். தங்கை கல்யாணம் கட்டிப் போய்விட்டாள். இவன் விடவில்லை. விடியக் கடல், பின்னேரம் வகுப்பு.

ஒருநாள் காலை ஒரு பையோடு கடைக்கு வந்தான். மனுசி திரைக்குள் இரண்டு பிள்ளைகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்கு எதிரே ஓட்டோத் தரிப்பிடம். அங்கே நிற்கிற சசி என்கிற பெடியன் எங்கள் கடைத் தூணில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. நடன வகுப்புப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதே அவன்தான். ஆனால் வாய் சும்மா இராது.

“என்ன தம்பி, களிசானோ?” என்று கேட்டேன்.

ரூபன் பையைத் திறந்து பட்டுத் துணியை வெளியே எடுத்தான். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை.

“நடன உடுப்பு ஐயா. எனக்குத்தான். அரங்கேற்றம்.”

சசி கிளாசை வாயிலிருந்து எடுத்தான். “இனி இவன் வலையிலை பிடிபடுற மீனுக்கும் பொட்டு வைச்சுத்தான் கரைக்குக் கொண்டருவான்” என்றான். தரிப்பிடத்தில் நின்ற மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறைக்கவில்லை, சிரித்தேன்.

ரூபன் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்தான், குதிக்கால் இரண்டையும் ஒட்டினான். “ரீச்சர் இருந்துதான் அளவு குடுக்கச் சொன்னவ” என்று சொல்லிக்கொண்டே முழங்காலை விரிக்கப் போனான்.

நான் அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன்.

“வேண்டாம் தம்பி, நில்லும். ஆம்பிளையளுக்கு நிண்ட அளவு காணும்.”

பிள்ளைகளே, இதுதான் அந்தப் பிழை. அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. ஆம்பிளையின் முழங்காலும் பொம்பிளையின் முழங்காலும் ஒரே பக்கம்தான் மடிகிறது. நடுக்கடையில், சந்தி பார்க்க, ஒரு ஆம்பிளை கால் விரித்து நளினமாக இருக்க, நான் அவன் முன்னால் குந்தி நாடா பிடிக்க வேண்டுமே, அதற்குத்தான் நான் பயந்தேன். பயத்தை விதி மாதிரிச் சொன்னேன். நான் வயதான ஆள், தையல்காரன், அவன் நம்பிவிட்டான்.

களிசானுக்கு எடுப்பதுபோல நிற்பாட்டி எடுத்தேன். மனதுக்குச் சமாதானமாக இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டேன். கூட்டின அங்குலம் இடுப்பைச் சுற்றிக் கிடக்கும், முழங்கால் விரிகிற இடத்துக்குப் போகாது. இதுவும் எனக்குத் தெரியும்.

அளவெடுக்கும்போது அவன் மெதுவாக ஒரு விசயம் சொன்னான். தகப்பன் இதுவரை அவன் ஆடிப் பார்த்ததில்லை. பார்க்கக் கேட்டும் வரவில்லை. இந்த முறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம், ஒரு பேச்சோடு.

“ஒருத்தன் சிரிச்சாலும், அண்டைக்கே சலங்கையைக் கழட்டிப் போட வேணும் எண்டவர் ஐயா.”

“நீர் என்ன சொன்னீர்?”

“ஓம் எண்டனான்.”

ஏன் ஓம் என்று சொன்னாய் என்று கேட்டேன். அப்பா வந்து பார்க்க வேறு வழி இல்லை என்றான்.  நான் அளவை முடித்துச் சோக்குக் கட்டியைக் காதில் செருகினேன்.

அது கோயில் திருவிழாக் காலம். பிள்ளைகளின் உடுப்பு மேசையில் குவிந்து கிடந்தது. ரூபனின் உடுப்பை அரங்கேற்றத்துக்கு முதல்நாள் பின்னேரம்தான் கொடுத்தேன். போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். சில வேலையை முடித்தவுடன் கண்ணுக்கு முன்னால் இருந்து அனுப்பிவிட வேண்டும் போல இருக்கும். அப்படித் தோன்றினால் அந்த உடுப்பை மறுபடி விரித்துப் பாருங்கள். ஏதோ பிழை இருக்கும்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ரூபன் கடை வாசலில் நின்றான். சைக்கிளை மதிலில் சாய்க்கக்கூட இல்லை, பிடித்துக்கொண்டே நின்றான். கையில் அதே பை. பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்தில் அரங்கேற்றம்.

“கிழிஞ்சு போச்சு ஐயா” என்றான்.

ரீச்சர் வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறான். முதல் தரம் அரைமண்டியில் இருந்தவுடனேயே கவட்டில் தொடங்கித் துடை வரை பிரிந்துவிட்டது. நல்ல காலம், தையல்தான் பிரிந்தது, பட்டு ஒரு விரலளவுதான் கிழிந்தது. ஆனால் மறுபடி தைத்தால் மறுபடி பிரியும். உள்ளே இடம் இல்லை.

மனுசி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். உடுப்பை வாங்கி, கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஒரு தடவல் போதும்.

“இருத்தித்தானே அளவெடுத்தனீங்கள்?”

 ரூபன்தான் சொன்னான், ஆம்பிளைகளுக்கு நின்ற அளவு போதுமாம் என்று. பாவம், அவன் என்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. அதை உண்மை என்று நினைத்தே சொன்னான்.

அவள் சத்தம் போடவில்லை. அவன் முன்னால் வைத்துத்தான் சொன்னாள்.

“வெக்கம் உங்களுக்கு. கிழிசல் அவனுக்கோ?”

நாற்பது வருசம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம். அப்படி ஒரு சொல் அவள் அதற்கு முதல் என்னைச் சொன்னதில்லை. நான் அளவு நாடாவை எடுத்தேன். திரைக்குள் போகலாம் என்றால் அங்கே மூன்று பெண்பிள்ளைகள் தாய்மாரோடு உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றார்கள். அப்போதும் பழைய புத்தி என்னை விடவில்லை. கடையின் முன்பக்க இரும்புக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டால் வெளியே தெரியாது என்று நினைத்தேன். கை அதற்குப் போய்விட்டது. பாதி இழுத்தும் விட்டேன்.

வெளியே ஓட்டோத் தரிப்பிடத்தில் வழக்கமான ஆட்கள். சசியும் நின்றான். கதவு இறங்குவதைப் பார்த்து அவன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. கதவை இழுத்ததே நான்தானே. இங்கே வெட்கப்பட ஏதோ நடக்கிறது என்று சந்திக்கு முரசறைந்தது நான். அவன் சிரிக்க நான்தான் இடம் கொடுத்தேன்.

கதவைத் திரும்ப மேலே தள்ளினேன். முழுக்கத் திறந்தேன். அளவு போட நிலத்தில் விரிக்கிற பாயை எடுத்து வாசல் பக்கம், நல்ல வெளிச்சத்தில் விரித்தேன்.

“இரு தம்பி” என்றேன். “அரைமண்டியிலை இரு.”

அவன் சாரத்தை மடித்து இறுக்கிக் கட்டினான். குதிக்காலை ஒட்டினான். இருந்தான். சந்தி முழுக்கப் பார்க்க, முதுகு வளையாமல், கண் நேரே ரோட்டைப் பார்க்க இருந்தான். நான் அவன் முன்னால் முழந்தாளிட்டேன். என் முழங்கால் கறகறவென்றது, அது வேறு கதை.

சசி ரோட்டைக் கடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும்.

“அண்ணை, ஒரு பாவாடையும் சேர்த்துத் தைச்சுக் குடுங்கோவன்.”

இந்த முறை நான் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்ததாகச் செய்தது அவ்வளவு புத்தியான காரியமும் இல்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. வாடா, வந்து இவனுக்குப் பக்கத்தில் இதே மாதிரி இரு, நான் இவனுக்கு எட்டு அளவு எடுத்து முடியும் மட்டும் நீ எழும்பாமல் இருந்தால் நீ ஆம்பிளை என்று ஒத்துக்கொள்கிறேன் என்றேன். மற்றவர்கள் அவனைத் தள்ளிவிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வந்து இருந்தான். மூன்றாவது அளவுக்கு அவன் துடை நடுங்கத் தொடங்கியது. நாலாவதில் பின்பக்கமாக விழுந்தான். விழுந்த இடத்தில் பொத்தான் பெட்டி இருந்தது. பொத்தான்கள் ரோடு வரை உருண்டன. சந்தியே சிரித்தது. தேத்தண்ணிக் கடைக்காரர்கூட வெளியே வந்து சிரித்தார்.

எனக்குப் பெருமையில் புழுகம் தாங்கவில்லை. “பாத்தீங்களோ, ஆர் ஆம்பிளை?” என்று நாடாவைத் தூக்கிக் காட்டினேன். சசி எழும்பி, சாரத்தைத் தட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் போய்விட்டான்.

ரூபன் இன்னும் அரைமண்டியில்தான் இருந்தான். நெற்றியில் வியர்வை. என்னைக் குனிந்து பார்த்தான்.

“ஐயா, நான் ஆம்பிளை எண்டு காட்ட ஆடேல்லை. அளவை எடுங்கோ.”

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு முதலில் கோபம் வந்தது. உனக்காகத்தானே கதைத்தேன் என்று. பிறகு குனிந்து அளவை எடுத்தேன். முழங்காலுக்கு முழங்கால், இடுப்பிலிருந்து குதிக்கால், துடைச் சுற்று, கவட்டு நீளம். எடுக்க எடுக்க அவன் சொன்னது எனக்கு விளங்கியது. நானும் சசியும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறோம். அவன் ‘நீ ஆம்பிளையில்லை’ என்றான், நான் ‘இல்லை, இவன் பெரிய ஆம்பிளை’ என்றேன். அந்தப் பெடியன் கேட்டதோ ஒரு சரியான உடுப்பு.

மனுசி அதற்குள் இடுப்பில் கட்டுகிற கச்சையைப் பிரித்துவிட்டாள். அதன் தொங்கலில் ஒரு முழத்துக்கு மேல் துணி கிடந்தது. அதிலிருந்து இரண்டு சதுரத் துண்டு வெட்டி, கவட்டில் சரித்து வைத்துத் தைத்தேன். கச்சை கொஞ்சம் கட்டையாகிவிட்டது, பரவாயில்லை. ஒன்றரை மணிக்கு முடித்தேன். கடை நடுவில் வைத்து அவனுக்குப் போட்டுப் பார்த்தோம். இருந்தான், எழும்பினான், குதித்தான், காலை நீட்டினான். துணி வாய் திறக்கவில்லை.

பின்னேரம் நானும் மனுசியும் மண்டபத்துக்குப் போனோம். ஒரு பழக்கம் சொல்கிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தைத்த உடுப்பு முதல் தரம் மேடை ஏறும்போது போய் இருங்கள். சட்டைப் பையில் அதே நிற நூல் கோத்த ஊசி இருக்கட்டும். மற்றவர்கள் பாட்டைக் கேட்பார்கள், நாங்கள் துணியைக் கேட்க வேண்டும். துணி பிரியும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும், பல்லி சொல்வது போல.

முன்வரிசையில் ஓரக் கதிரையில் ரூபனின் தகப்பன் இருந்தார். வெள்ளை வேட்டி, பொத்தான் முழுக்கப் பூட்டின சேட்டு. வெயிலும் உப்பும் தின்ற முகம். கதிரையின் விளிம்பில் இருந்தார், எந்த நேரமும் எழும்பப் போகிறவர் மாதிரி.

ரூபன் வந்தான். முதல் அரைமண்டி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியைக் கேட்டேன். சத்தமில்லை. மனுசி என் கையைத் தட்டினாள். அதற்குப் பிறகுதான் நான் அவனைப் பார்த்தேன். அடவு எல்லாம் அடி அடியாக விழுந்தது. மண்டபம் அசையாமல் பார்த்தது. தகப்பனும் பார்த்தார்.

பாதிக்குப் பிறகு ஒரு பதம் வந்தது. தலைவனுக்காகக் காத்திருக்கிற பெண்ணின் பாட்டு. ரூபன்தான் அந்தப் பெண். கண்ணாடி முன்னால் இருந்து தலை வாருகிறாள், பூ வைக்கிறாள், வாசலைப் பார்க்கிறாள், பூவை எடுத்து எறிகிறாள். வலைக் கயிறு அறுத்த அந்தக் கையால் அவன் இல்லாத பூவைக் கிள்ளி எடுத்து இல்லாத கூந்தலில் செருகினான்.

பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

சத்தமான சிரிப்பு. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சசி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தவன், கடைசிக் கதிரையில் இருந்தான். காலையில் நான் அவனைச் சந்தி சிரிக்க விழுத்தினேன் அல்லவா, அதைத் திருப்பித் தந்தான். எனக்குத் தரவில்லை, ரூபனுக்குத் தந்தான். நான் சட்டைப் பையில் ஊசியோடு போயிருந்தேன். அந்தக் கிழிசலுக்கு ஊசி இல்லை.

தகப்பன் எழும்பினார்.

பாட்டுக்காரர் ஒரு சொல்லைத் தவறவிட்டார். ரீச்சரின் கைத்தாளம் நிற்கவில்லை. ரூபன் மேடையிலிருந்து தகப்பன் எழும்புவதைப் பார்த்தான். நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். தகப்பன் நடுவழியால் நடந்து பின்பக்கம் போனார். வாசலுக்குத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். ரூபனும் அப்படித்தான் நினைத்தான். முன்வரிசையில் வெறுங்கதிரை. ஓம் என்று சொன்ன சொல் இருக்கிறது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை. வாசலைப் பார்க்கிற இடம் வந்தது. பார்த்தான். அந்தப் பெண் பார்த்த வாசலும் இவன் தகப்பன் போன வாசலும் ஒரே பக்கம் இருந்தன. மனுசி கண்ணைத் துடைத்தாள். பதம் முடிந்து தில்லானா ஆடினான், ஒரு அடி குறையாமல். கைதட்டல் ஓயவில்லை. மறுபடி சிரிப்பு வரவில்லை.

முடிந்தவுடன் நான் மேடைக்குப் பின்னால் போனேன். ரூபன் படிக்கட்டில் இருந்து சலங்கையின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு காலை அவிழ்த்து மடியில் வைத்திருந்தான். ரீச்சர் பக்கத்தில் நின்று பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். 

தகப்பன் பின்பக்கக் கதவால் உள்ளே வந்தார்.

“ஏன் கழட்டுறாய்?”

“ஒருத்தன் சிரிச்சவன் அப்பா.”

“ஓம். நான் அவனுக்குப் பக்கத்திலைதான் இருந்தனான்.”

ரூபன் தலை நிமிர்ந்தான். தகப்பன் அந்தச் சலங்கையைப் பார்த்தார்.

“அவன் சிரிச்சதுக்கு நீ என்னத்துக்குக் கழட்டுறாய்?”

பிறகு என் பக்கம் திரும்பினார். நான்தான் தைத்தவன் என்று ரீச்சர் சொன்னார். அவர் குனிந்து, மகனின் முழங்காலுக்கு மேல் அந்தப் பட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், வலையின் கண்ணைப் பார்ப்பது போல.

“எங்கடை வீடு கடற்கரையிலை. உப்புக் காத்து. உந்தத் துணி தாங்குமோ?”

“நிழலிலை காயவிட்டால் தாங்கும்” என்றேன்.

“அப்ப சரி” என்றார்.

பின்வரிசையில் என்ன நடந்தது என்பது எனக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு சசி சொல்லித்தான் தெரியும். அவனாகக் கடைக்கு வந்தான். முதலில் நான்தான் அன்றைக்கு அவனை விழுத்தியது பிழை என்று சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

“அந்த மனிசன் அடிக்கத்தான் வருது எண்டு நினைச்சன் அண்ணை. வந்து பக்கத்திலை இருந்திட்டு, தம்பி எனக்குக் கண் மங்கல், உவன் என்ன செய்யிறான் எண்டு சொல்லும் எண்டுது.”

இவனுக்கு வேறு வழியில்லை. சொன்னானாம். இப்போது பூவைச் சரிசெய்கிறான், இப்போது கண்ணாடி பார்க்கிறான், இப்போது வாசலைப் பார்க்கிறான். யாரைப் பார்க்கிறான் என்று கேட்டாராம். வராத ஆளை என்றானாம். சொல்ல வேண்டுமென்றால் கையை உற்றுப் பார்க்க வேண்டும் அல்லவா, பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை என்றான் சசி.

“கண் தெரியாத மனிசன் எண்டு நினைச்சன். பேந்து ஒருநாள் காங்கேசன்துறைக்கு ஆள் ஏத்திக்கொண்டு போனால், கரையிலை நிண்டு தூரக் கடலிலை கிடக்கிற மிதவையை ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு நிக்குது.”

ரூபன் இன்றைக்கும் ஆடுகிறான். இன்றைக்கும் கடலுக்குப் போகிறான். அவனிடம் படிக்கிறவர்களில் ஆம்பிளைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உடுப்பு இங்கேதான். உங்கள் முன்னால் வந்து நிற்பார்கள். சந்தியில் இன்னும் ஓட்டோத் தரிப்பிடம் இருக்கிறது, இன்னும் வாய்கள் இருக்கின்றன. பின்னால் நிற்கிற தாய் தகப்பனே “கொஞ்சம் மறைவா எடுங்கோ” என்று மெல்லச் சொல்வார்கள். உங்கள் கை தானாகத் திரைக்குப் போகும். என் கை போனது.

அதனால் இந்தக் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், நான் போன பிறகும் இருக்கட்டும். ஆட வருகிறவன் யாராக இருந்தாலும் பாயை வாசல் வெளிச்சத்தில் விரியுங்கள். அரைமண்டியில் இருத்துங்கள். நீங்களும் முழந்தாளிடுங்கள். ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், ஒருவரையும் விழுத்தவும் வேண்டாம். அவனுக்குத் திரை வேண்டுமென்றால் அவன் கேட்கட்டும், இழுத்து விடுவோம். அவன் கேட்காத திரையை நாங்கள் இழுக்கக் கூடாது.

அளவை எடுங்கள்.